வீட்டு மின் வயரிலேயே கணினி வலையமைப்பு: வாங்குமுன் மீற்றரைப் பாருங்கள்

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் களஞ்சியம். நமது வியாபாரிகள் பலரின் வளவு இப்படித்தான் இருக்கிறது. பள்ளிமுனைக் கரையில் மீனும் நண்டும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புபவர் என்றால் வாடியும் ஐஸ் பெட்டிகளும் இதோடு சேரும். ரவுட்டர் முன் அறையில் இருக்கும். கணக்குக் கணினியோ பின் அறையில். இடையில் மூன்று சீமெந்துச் சுவர்கள். வை-பை சமிக்ஞை இரண்டாவது சுவரைத் தாண்டும்போதே தேய்ந்துவிடும். பில் அடிக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் வாங்க வந்தவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு வழியாகச் சொல்லப்படுவது, சுவருக்குள் ஏற்கனவே ஓடும் மின் வயரையே கணினி வயராகவும் பயன்படுத்துவது. கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் கடற்கரையில் வாழ்பவருக்கு இதை விளக்குவது எளிது. வற்றும் பெருக்கும் மெதுவாக ஏறி இறங்கும். அதே நீரின் மேல் காற்றலை விரைவாகத் துள்ளும். ஒன்றை ஒன்று தடுப்பதில்லை. நமது மின்சாரம் விநாடிக்கு 50 தடவை மட்டுமே அலைகிறது. அதன் மேல் விநாடிக்கு சுமார் 20 இலட்சம் முதல் 3 கோடித் தடவை வரை துடிக்கும் நுண்ணிய சமிக்ஞையை ஒரு சிறு அடெப்டர் ஏற்றிவிடுகிறது. மறுமுனையிலுள்ள இன்னொரு அடெப்டர் அதைப் பிரித்தெடுக்கிறது. 2000ஆம் ஆண்டில் சில கொம்பனிகள் கூடி 'ஹோம்பிளக்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. மறு வருடமே 14 மெகாபிட் வேகமுள்ள முதல் நியமம் வெளிவந்தது. 2005இல் வந்த 'ஹோம்பிளக் ஏ.வி.' அதை 200 ஆக்கியது.

பொருத்துவது சின்ன வேலை. இரண்டு அடெப்டர்கள் ஒரே பெட்டியில் வரும். ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகி, நெட்வேர்க் கேபிளால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். மற்றதைப் பின் அறைப் பிளக்கில் செருகிக் கணினியோடு இணைக்க வேண்டும். முதலாவதன் 'பெயார்' பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் அடுத்ததன் பொத்தானையும் அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளங்கண்டு கொள்ளும்.

செருகியவுடனேயே விளக்கு எரிகிறது, இணையமும் வருகிறது, இனிப் பொத்தான் எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. பல அடெப்டர்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரே பொதுக் கடவுச்சொல்லோடுதான் வருகின்றன. சமிக்ஞையோ உங்கள் மீற்றரோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே டிரான்ஸ்போமரில் மின்சாரம் பெறும் அயல் வீட்டுக்கும் அது எட்டக்கூடும். அங்கும் அதே வகை அடெப்டர் இருந்தால் உங்கள் வலையமைப்புக்குள் அவர் தெரியாமலே நுழைந்துவிடலாம். யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கொம்பனிக்கு என்ன விலை என்பதெல்லாம் அந்தக் கணினியில்தானே இருக்கிறது? பொத்தானை அழுத்தும்போது உங்களுக்கு மட்டுமான புதிய கடவுச்சொல் உருவாகிறது.

சரி, இது எல்லா வளவிலும் வேலை செய்யுமா? இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் மின் கட்டண வகை வேறு என்பதால் பலர் இரண்டு மீற்றர் வைத்திருக்கிறார்கள். ரவுட்டர் ஒரு மீற்றரிலும் கணினி மற்றதிலும் இருந்தால் இந்தப் பொருளில் காசு போடாதீர்கள். அயல் வீட்டுக்கு வழிதவறிப் போகும் சமிக்ஞை, உங்கள் இரண்டு மீற்றருக்கிடையே வேலைக்கு ஆகும் அளவில் வரும் என்று நம்ப முடியாது. அதற்காக இரண்டு இணைப்பின் வயர்களையும் எங்காவது ஒன்றாக முடிச்சுப்போடலாம் என்று எவராவது யோசனை சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது உயிருக்கு ஆபத்து.

ஐஸ் இயந்திரம், குளிர் அறை என்று த்ரீ பேஸ் இணைப்பு எடுத்தவர்களுக்கு வேறொரு சிக்கல். இரண்டு பிளக்குகளும் வெவ்வேறு பேஸில் இருந்தால் சமிக்ஞை மெலிந்துவிடும். தகுதியுள்ள எலக்ட்ரீசியன் பிரதான பெட்டியில் பார்த்து, இரண்டு அறைகளும் ஒரே பேஸில் வரும்படி மாற்ற முடியுமா என்று சொல்வார்.

கடற்காற்றையும் மறக்க வேண்டாம். உப்பு ஈரம் பிளக் பொயின்டின் பித்தளை நாக்குகளில் களிம்பு ஏற்றிவிடும். தொடுகை தளர்ந்த பிளக்கில் வேகம் குறைவது சிறிய நட்டம். அது சூடேறித் தீப்பிடிப்பது பெரிய நட்டம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்கள் கழித்துத் திரும்பிப் பழைய வீட்டைத் திருத்தியவர்கள், சுவருக்குள் பழைய வயரும் புதிய வயரும் ஒட்டுப்போட்டுக் கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பித்துக்கொள்வது நல்லது. அடெப்டர் வாங்குவதாக இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

அடெப்டரை நேரே சுவர்ப் பிளக்கில்தான் செருக வேண்டும். மின்னல் தடுப்பு உள்ள மல்டி பிளக், யூ.பி.எஸ். போன்றவை சமிக்ஞையை அழுக்கு என்று நினைத்து வடிகட்டிவிடும். மலிவான போன் சார்ஜர், எல்.ஈ.டி. விளக்கு, மிக்சர், கூரைச் சோலாரின் இன்வர்டர் ஆகியவை வயரில் இரைச்சல் போடுபவை. பின்னேரம் ஆனதும் இணைப்பு மந்தமாகிறது என்றால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

பெட்டியில் '600' என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது ஆய்வுகூட எண். அந்த வகையில் பலவற்றின் கேபிள் துவாரமே 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. பழைய வயரிங்கில் 30, 40 கிடைத்தாலும் பில் அடிக்க, வங்கிக் கணக்குப் பார்க்க, வாடியில் நாலைந்து கமரா வைக்க அது போதும்.

மின்சாரம் போனால் இதுவும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் முழு வளவுக்கும் மின்சாரம் தரும்படி இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்த நேரத்தில் அடெப்டர் உயிர்பெறும்.

வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் பிளக்கைக் கவனிக்க வேண்டும். டுபாய், கட்டார் பக்கம் கிடைப்பது நமது 13 அம்பியர் சதுர ஊசிதான். ஐரோப்பாவில் கிடைப்பது இரண்டு உருண்டை ஊசி. ஒரே நியமத்தில் உள்ள சோடியாகவே வாங்குங்கள். புதிதாக வரும் 'ஜி.எச்.என்.' வகை பழைய ஹோம்பிளக் வகையோடு பேசாது. பாவித்த அடெப்டர் ஒன்றை ஒரு கடையிலும் மற்றதை இன்னொரு கடையிலும் வாங்கி ஏமாறுவது இப்படித்தான்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்த அடெப்டர் தேவையே இல்லை. சுவர் பூசுமுன் ஒரு வெறும் குழாயைத் தனியாகப் போட்டு வைத்தால் பிறகு நெட்வேர்க் கேபிள் இழுத்துக்கொள்ளலாம். 100 மீற்றர் தூரம் வரை அதற்கு ஈடான இணைப்பு இல்லை. இரண்டு மீற்றர்காரருக்கும் அதுவே வழி. மற்றவர்கள் கடையில் பணம் கட்டுமுன், சரிவராவிட்டால் ஏழு நாளில் திருப்பித் தரலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வயரிங் எப்படி என்று கடைக்காரருக்கும் தெரியாது, செருகிப் பார்த்தால்தான் தெரியும்.