கண்ணின் நிறம் சாட்சி சொல்லுமா?

புது தில்லி: தாய்க்கும் தந்தைக்கும் கரிய விழிகள். பிறந்த குழந்தைக்கோ பூனைக்கண். சில குடும்பங்களில் இந்த வேற்றுமை முதலில் வியப்பாகவும், பின்னர் கிசுகிசுப்பாகவும், இறுதியில் தாயின் மீதான பழியாகவும் மாறிவிடுகிறது. குழந்தை தன்னுடையதன்று எனக் கூறி ஜீவனாம்சம் தர மறுப்பதும், மரபணுச் சோதனை கோரி நீதிமன்றப் படியேறுவதும் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால், குழந்தையின் கண் நிறத்தை வைத்துத் தந்தை யார் எனத் தீர்மானிக்க இயலாது என்கிறது அறிவியல். வெறும் சந்தேகத்தின் பேரில் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட முடியாது என்கிறது சட்டம்.

பழைய பாடம்

இக் குழப்பத்துக்குப் பள்ளிப் பாடமும் ஒரு காரணம். பழுப்பு விழி ஓங்கு பண்பு. நீல விழி ஒடுங்கு பண்பு. இரண்டையும் முடிவு செய்வது ஒரே மரபணு என்று பல தலைமுறை மாணவர்கள் படித்துள்ளனர். மெண்டலின் விதிகள் 1900-ல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த உற்சாகத்தில் உருவான கருத்து இது. அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட் - கெர்ட்ரூட் டேவன்போர்ட் தம்பதியர் 1907-லும், இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் 1908-லும் வெளியிட்ட ஆய்வுகள் அதற்கு அடித்தளம் இட்டன. இதே சார்லஸ் டேவன்போர்ட்தான் பின்னர், மனிதரைத் தரம் பிரித்த "இன மேம்பாட்டு' இயக்கத்தின் முன்னோடியானார் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் பழைய விதியின்படி பார்த்தாலும்கூட, தாயின் மீது பழி சுமத்த இடமில்லை. ஒடுங்கு பண்பை மறைவாகச் சுமக்கும் கரிய விழிப் பெற்றோர் இருவருக்கு, வெளிர் விழியுடன் குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றே அந்த விதியும் கூறுகிறது. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அத்தகைய விழி இருந்ததைக் குடும்பமே மறந்திருக்கலாம்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

கண்ணில் நீல நிறமி என்று எதுவுமில்லை. கருவிழிப் படலத்தின் முன்னடுக்கில் மெலனின் நிறமி மிகுந்திருந்தால் விழி கரும்பழுப்பாகத் தெரியும். குறைந்திருந்தால் ஒளி சிதறி நீலமாகத் தோன்றும். இடைப்பட்ட அளவுகளே பச்சையாகவும் தேன் நிறமாகவும் காட்சி தருகின்றன. வானம் நீலமாகத் தெரிவதும் ஒளிச் சிதறலால்தான்.

மெலனின் உற்பத்தியில் 15-வது குரோமோசோமில் உள்ள ஓ.சி.ஏ.2 என்னும் மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதன் செயல்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் பகுதி, அடுத்துள்ள எச்.இ.ஆர்.சி.2 மரபணுவுக்குள் இருப்பதை 2008-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஐபெர்க் குழு உள்ளிட்ட ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். கதை அத்துடன் முடியவில்லை. ஐரோப்பாவையும் ஆசியாவையும் சேர்ந்த சுமார் 1 லட்சத்து 95 ஆயிரம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வு, கண் நிறத்துடன் தொடர்புடைய மேலும் 50 மரபணுக்களை இனங்கண்டது. பல மரபணுக்கள் சேர்ந்து எழுதும் கணக்கு இது. எனவே, நீல விழிப் பெற்றோருக்குப் பழுப்பு விழிக் குழந்தை பிறப்பதும் அரிதாக நிகழக் கூடியதே.

காஷ்மீரிலும், இமாசல மலைகளிலும், கொங்கணக் கரையிலும் வெளிர் விழியினரைக் காணலாம். பிற பகுதிகளிலும் ஆங்காங்கே உண்டு. மனித உடலின் பல்லாயிரம் மரபணுக்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றின் விளைவை வைத்து ஒருவரது சாதியையோ, இனத்தையோ, தாயின் நடத்தையையோ கணிப்பது அறிவீனம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. பளிச்சென்ற நீல விழிகளும் முன்நெற்றியில் வெள்ளை முடிக்கற்றையும் சில குழந்தைகளுக்கு அமைவதுண்டு. இது வார்டன்பர்க் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். அவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே செவித்திறன் இருப்பதில்லை. அக் குழந்தைக்குத் தேவை செவிப் பரிசோதனையே அன்றி, தந்தை யார் என்ற விசாரணை அன்று.

சட்டம் போட்ட அரண்

திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த குழந்தை அக் கணவரின் சட்டபூர்வக் குழந்தையே என்றது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு. மண உறவு முடிந்து 280 நாள்களுக்குள், தாய் மறுமணம் செய்துகொள்ளாத நிலையில் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். கருத்தரித்திருக்கக் கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூட வாய்ப்பே இருக்கவில்லை என நிரூபித்தால் மட்டுமே விலக்கு. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 116-வது பிரிவிலும் இவ்விதி தொடர்கிறது.

டி.என்.ஏ. சோதனை இந்திய நீதிமன்றத்துக்கு அறிமுகமானது 1989-ல். கேரளத்தின் தலச்சேரியில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில், ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானி லால்ஜி சிங் அளித்த சாட்சியம் ஏற்கப்பட்டது. எனினும், இத்தகைய சோதனைகளுக்கு வழக்கமான ஒன்றாக உத்தரவிடக் கூடாது என 1993-ல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. தாய்க்கும் சேய்க்கும் ஏற்படும் களங்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

2014-ல் நந்தலால் பத்வாயிக் வழக்கில் வேறொரு திருப்பம். சோதனையின் முடிவு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட நிலையில், சட்டத்தின் அனுமானத்தைவிட அறிவியல் உண்மைக்கே மதிப்பு எனக் கூறி, அச் சிறுமிக்கு ஜீவனாம்சம் தரும் பொறுப்பிலிருந்து கணவரை நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் 2023 பிப்ரவரியில், மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையைச் சோதனைக்கு உள்படுத்தக் கோரிய கணவரின் கோரிக்கையை நீதிபதிகள் வி. ராமசுப்பிரமணியன், பி.வி. நாகரத்னா அமர்வு ஏற்கவில்லை. பெற்றோரின் சண்டையில் குழந்தையின் அந்தரங்க உரிமை பலியாகக் கூடாது என்பதே அத் தீர்ப்பின் சாரம்.

நின்றுபோன மசோதா

டி.என்.ஏ. சோதனைகளை ஒழுங்குபடுத்தும் மசோதா 2019 ஜூலையில் மக்களவையில் அறிமுகமானது. பெற்றோர் யார் என்ற வழக்குகளும் அதன் வரம்புக்குள் இருந்தன. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அந்தரங்கம் குறித்த கவலைகள் தொடர்ந்த நிலையில், 2023 ஜூலையில் மசோதாவை அரசு திரும்பப் பெற்றது. குற்ற வழக்குகளில் மாதிரிகள் சேகரிக்க 2022-ம் ஆண்டுச் சட்டம் உள்ளது. குடும்ப வழக்குகளுக்கு 116-வது பிரிவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுமே துணை.

நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளுக்கு இந்த அரண் உண்டு. வீட்டுத் திண்ணையில் நடக்கும் விசாரணைக்கு எந்தப் பிரிவும் இல்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவோர், அக் கண்ணின் நிறத்தில் தங்கள் முன்னோரின் பங்கும் இருக்கக் கூடும் என்பதை உணர்ந்தால் போதும்.