மனச்சோர்வு வரலாறும் படைத்துறைச் சேர்ப்பும்

மனச்சோர்வு வரலாற்றுடன் படைத்துறையில் சேர்தல் என்பது, முன்னர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிக் குணமடைந்த ஒருவர் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியேற்பது தொடர்பான மருத்துவ, சட்ட விதிமுறைகளைக் குறிக்கும் பொருளாகும். இவ்விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இந்தியாவில் அவை கண்டிப்பானவை. உளநோய் வரலாறு உடையவர்கள் பொதுவாகத் தகுதியற்றவர்களாகவே கருதப்படுகின்றனர்.

சொற்பொருள்

தமிழில் இந்நோயைக் குறிக்க மனச்சோர்வு, மனத்தளர்ச்சி, மன அழுத்தம் ஆகிய சொற்கள் கலந்து வழங்குகின்றன. இவற்றுள் மன அழுத்தம் என்பது தேர்வு நெருக்கடி, வேலைப்பளு போன்றவற்றால் எவருக்கும் வரும் இறுக்கத்தையும் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. மருத்துவ நோக்கில் மனச்சோர்வு என்பது குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நாளின் பெரும்பகுதியும் நீடிக்கும் துயரம் அல்லது ஆர்வமின்மை, உறக்கக் குலைவு, பசிக் குறைவு, தன்னைத்தானே இகழ்தல் முதலிய அறிகுறிகளின் தொகுதியாகும். தேர்வில் தோற்றபின் நான்கு நாள் உண்ணாமல் படுத்திருத்தல் இந்நோயாகாது. படைத்துறை மருத்துவர் வினவும்போது இவ்வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது. சாதாரண வருத்தத்தை நோயெனச் சொல்வதும், உண்மையான நோயை வெறும் வருத்தமெனச் சொல்வதும் வெவ்வேறு விளைவுகளைத் தரும்.

இது அரிய நோயும் அன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015–16 இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார்.

இந்திய விதிகள்

இந்தியப் படைகளில் உடல், உளத் தகுதி 'ஷேப்' எனப்படும் ஐந்து கூறுகளால் அளவிடப்படுகிறது. இச்சொல் உளநிலை, செவித்திறன், கைகால்கள், உடல் வலு, பார்வை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை தரம் வழங்கப்படும். 1 என்பது முழுத்தகுதியையும் 5 என்பது பணிக்கு முற்றிலும் தகுதியின்மையையும் குறிக்கும். இவ்வரிசையில் உளநிலை முதலாவதாக அமைந்துள்ளது.

ஒன்றியப் பொதுப்பணித் தேர்வாணையம் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வுக்காக வெளியிடும் அறிவிக்கைகளில், வான்படைக்கான மருத்துவத் தர விதிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. உளநோய் வரலாற்றைத் தெரிவிப்பவர் உளநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டு விரிவாக ஆராயப்பட வேண்டும் என்றும், அத்தகையோர் இயல்பாக நிராகரிக்கப்பட வேண்டும் என்றும் அவை குறிப்பிடுகின்றன. பெரும்பாலானோர் இவ்வரலாற்றைத் தாமாகச் சொல்வதில்லை என்பதையும் அவ்விதிகளே ஒப்புக்கொண்டு, நேரடியாகக் கேட்டு அறியுமாறு மருத்துவருக்கு அறிவுறுத்துகின்றன. குடும்பத்தில் உளநோய் உண்டா, உறக்கமின்மை, தொடர்ந்த கெட்ட கனவு, உறக்கத்தில் நடத்தல் உண்டா என்றெல்லாம் வினவப்படும். எத்தனை ஆண்டுகள் நோயின்றி இருந்தால் ஏற்கப்படும் என்ற கால வரையறை அவ்விதிகளில் இல்லை. இது அமெரிக்க விதிகளிலிருந்து பெரிதும் மாறுபடும் இடமாகும்.

இம்மருத்துவச் சோதனையையும் அதிகாரிகள் தேர்வில் நடைபெறும் உளவியல் சோதனையையும் பலர் ஒன்றெனக் கருதுவதுண்டு. அது தவறாகும். படைப்பணித் தேர்வு வாரியத்தின் உளவியல் சோதனையில் 12 படங்களுக்குக் கதை எழுதுதல் (அவற்றுள் ஒன்று வெற்று அட்டை), 60 சொற்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 15 நொடிகளில் வாக்கியம் அமைத்தல், 60 சூழ்நிலைகளுக்கு எதிர்வினை எழுதுதல், தன்னைப் பற்றி எழுதுதல் ஆகியன உள்ளன. தலைமைப் பண்பைக் கணிப்பதே இவற்றின் நோக்கம். நோயைக் கண்டறிவது அன்று. 2022 சூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் கீழ் வீரர்களைச் சேர்ப்பதிலும் பின்னர்த் தகவமைவுச் சோதனை ஒன்று இணைக்கப்பட்டது.

அதிகாரி நிலைத் தேர்வில் மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டவர் மேன்முறையீட்டு மருத்துவ வாரியத்தையும், அதன்பின் மீளாய்வு வாரியத்தையும் நாடலாம். எனினும் பார்வை, எடை போன்ற குறைகளைப் போல உளநோய் வரலாற்றைச் சில வாரங்களில் சரிசெய்து காட்ட இயலாது.

மறைத்தலும் அதன் விளைவும்

சேரும்போது விண்ணப்பதாரர் தம் முந்தைய நோய்களைக் குறித்துக் கையொப்பமிட்டு அறிக்கை தர வேண்டும். 1950 ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு, சேர்ப்புப் படிவத்தின் வினாவுக்கு வேண்டுமென்றே பொய்யான விடை அளித்தமை பின்னர்த் தெரியவந்தால், படைத்துறை நீதிமன்றம் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்கிறது. நடைமுறையில் பணிநீக்கமே அஞ்சத்தக்க விளைவு.

ஓய்வூதியச் சிக்கலும் உண்டு. சேரும்போது நோய்க்குறிப்பு ஏதும் பதியப்படாத வீரருக்குப் பின்னர் நோய் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 இல், வலிப்பு நோயுற்ற ஒரு வீரரின் வழக்கில், தீர்ப்பளித்தது. ஆனால் மனச்சிதைவு நோயால் விடுவிக்கப்பட்ட ஒரு வீரரின் வழக்கில் 2019 இல் அதே நீதிமன்றம் வேறு நிலையை எடுத்தது. உளநோயைச் சேர்ப்பு நாளன்று நடைபெறும் வழக்கமான சோதனையில் கண்டறிய இயலாது. ஆகவே பின்னர் அது வெளிப்பட்டது என்பதால் மட்டும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைத்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். முன்வரலாற்றை மறைத்தவரின் நிலை இதனினும் நலிவானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உரிமைச் சட்டங்கள்

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள உளநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் மருத்துவத் தகவல்களுக்கு இரகசியக் காப்பை அளிக்கிறது (பிரிவு 23). சட்டம் கூறும் சில விலக்குகள் தவிர, மருத்துவர் நோயாளியின் இசைவின்றி அவற்றை வெளியிடலாகாது. எனவே அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கினால் தானாகவே படைச்சேர்ப்பு அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று ஊர்களில் சொல்லப்படுவதற்கு இச்சட்டத்தில் இடமில்லை. வினா எழுவது விண்ணப்பதாரர் தாமே அளிக்கும் விடையில்தான். ஒருவருக்கு உளநோய் இருந்தது என்பதாலேயே அவர் சித்தம் கலங்கியவர் எனக் கொள்ளக்கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உளநோயை 21 வகை ஊனங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எனினும் ஆயுதப் படைகளின் போர்ப்பணியாளர் பணியிடங்களுக்கு நடுவணரசு விலக்கு அறிவித்துள்ளது. ஏற்கனவே பணியிலிருப்போரின் நிலை சற்று வேறு. மனச்சோர்வுக்கு உள்ளான மத்திய சேமக் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், உளநோயுடையவர் மீது அவரது நோயுடன் தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடாகும் என்று உச்ச நீதிமன்றம் 2021 திசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. பணியில் சேர்ந்தபின் மனச்சோர்வு கண்ட படைவீரர் உடனே வெளியேற்றப்படுவதும் இல்லை. அவர் தாழ்ந்த மருத்துவத் தரத்தில் வைக்கப்பட்டுச் சிகிச்சை பெற்று, மீளாய்வில் மேம்பட்ட தரத்துக்குத் திரும்பலாம். ஆக, ஒரே நோய் கதவுக்கு வெளியே இருப்பவருக்குத் தடையாகவும், உள்ளே இருப்பவருக்குச் சிகிச்சைக்குரியதாகவும் கருதப்படுகிறது. படைகளில் தற்கொலைகள் நிகழ்ந்துவருவதும் (2022 இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபடி ஐந்தாண்டுகளில் 819) இக்கண்டிப்புக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பிற நாடுகள்

அமெரிக்க விதியில், மனச்சோர்வுக்கான வெளிநோயாளர் சிகிச்சை மொத்தம் 12 மாதங்களைத் தாண்டியிருத்தல், கடந்த 36 மாதங்களுக்குள் அறிகுறியோ சிகிச்சையோ இருத்தல், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருத்தல், நோய் மீண்டும் வந்திருத்தல், தற்கொலை எண்ணம் ஆகியவை தடைகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு உட்படாதவர் சேரலாம். உட்பட்டவருள் சிலர் விதிவிலக்கு கோரலாம். சிங்கப்பூரில் ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். தமிழ் இளைஞர்களும் இதில் பணியாற்றுகின்றனர். அங்கு கேள்வி சேர்ப்பதா விலக்குவதா என்பதாக மட்டும் இல்லை. மருத்துவத் தரத்துக்கேற்பப் போர்ப்பயிற்சியிலோ அலுவலகப் பணியிலோ அமர்த்தப்படுவர்.

சேத்தியாத்தோப்பு வட்டாரம்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றை அடுத்து, சிதம்பரம்–விருத்தாசலம் சாலையில் அமைந்த பேரூராட்சி சேத்தியாத்தோப்பு. வேளாண்மையும், எம். ஆர். கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், சற்றுத் தொலைவில் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலும், நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் இவ்வட்டாரத்தின் வேலைவாய்ப்புகள். நெய்வேலியில் காவல் புரியும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரைப் பார்த்து வளரும் இளைஞர்களுக்குச் சீருடைப் பணி எட்டாத கனவன்று. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடத்தப்படுகிறது. தரைப்படைச் சேர்ப்பில் இம்மாவட்டம் சென்னைச் சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது.

இத்தகைய ஊர்களில் விதியின் கடுமை ஓர் எதிர்பாராத விளைவைத் தருகிறது. பதினெட்டு வயதில் உறக்கமின்றித் தவிக்கும் ஒருவரை, பட்டாளத்தில் எடுக்கமாட்டார்கள் என அஞ்சி, வீட்டார் மருத்துவரிடம் அழைத்துச் செல்லாதிருப்பதுண்டு. சிகிச்சை பெறாததால் வரலாறு இல்லாமற் போவதில்லை. நோய் இருந்ததே வரலாறு. சிகிச்சையின்றி அது நீளவும் மீண்டும் வரவும் வாய்ப்பு மிகுதி. ஓட்டம், கயிறேற்றம், வீடு பிரிந்த பயிற்சி ஆகியவற்றின் நடுவில் மீண்டும் வருவது மேலும் கடினமானது.

தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் செயற்படுகிறது. இவ்வட்டாரத்தினர் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையையோ, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் அழைக்கலாம். படைத்துறையினருக்கான இச்சேவையின் தனிப் பிரிவு 2023 திசம்பர் 1 முதல் புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இயங்கிவருகிறது.