வியாபாரப் பெற்றோரும் வீட்டுக் கல்வியும்

"கடையைப் பார்ப்பதா, பிள்ளையின் படிப்பைப் பார்ப்பதா?" திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர் பகுதிகளிலும் வியாபாரம் செய்யும் பெற்றோர் பலரிடம் இருக்கும் கேள்வி இது. காலையில் கடை திறந்தால் இரவு மூடும் வரை ஓய்வில்லை. மீன் மொத்த வியாபாரிக்கோ விடியுமுன்பே நாள் தொடங்கிவிடுகிறது. பிள்ளையின் படிப்பைப் பாடசாலையிடமும் ரியூசன் ஆசிரியரிடமும் ஒப்படைத்துவிட்டு, பெறுபேறு வரும் நாளில் மட்டும் விசாரிக்கும் தகப்பன்மார் எம்மில் ஏராளம்.

இதற்கு மாற்றாக உலகில் பல பெற்றோர் கைக்கொள்ளும் ஒரு வழிதான் வீட்டுக் கல்வி. அதில் எமக்கு எது உதவும், எது உதவாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

உலகில் வீட்டுக் கல்வி

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் பொறுப்பேற்றுக் கற்பிப்பதே வீட்டுக் கல்வி. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இதற்குச் சட்ட அனுமதி உண்டு. 2020இல் கொரோனா காலத்தில் அந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் நடத்திய ஆய்வில், பாடசாலை வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக் கல்வியை மேற்கொண்டவை சில மாதங்களில் 5.4 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாக உயர்ந்தன. இங்கிலாந்திலும் பெற்றோருக்கு இந்த உரிமை உண்டு. ஜேர்மனியிலோ பாடசாலைக்குச் செல்வது கட்டாயம். இந்தியாவில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பரீட்சை எழுதுகின்றனர்.

தொழில் செய்யும் பெற்றோர் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எடுக்கும் நேரம், ஒரு பிள்ளைக்கு அருகில் இருந்து சொல்லிக்கொடுக்கத் தேவைப்படுவதில்லை. அதனால் படிப்பு நேரத்தைத் தமது தொழிலுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. இந்த இரண்டு நன்மைகளும் எமக்கும் வேண்டியவையே.

எமது நாட்டு நிலைமை

இலங்கையில் 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே பாடசாலையை விட்டுப் பிள்ளையை முற்றாக நிறுத்திக்கொள்வது எமக்கு உகந்த வழியல்ல. 1945 முதல் கிடைத்துவரும் இலவசக் கல்வியைக் கைவிடுவது வியாபாரக் கணக்கிலும் நட்டமே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், இலவசப் பாடநூல், விளையாட்டு, நண்பர்கள் எல்லாம் பாடசாலையோடு வருபவை.

ஆனால் அரச பாடசாலை பிற்பகல் 1.30க்கு முடிந்துவிடுகிறது. அதன் பின்னுள்ள நேரம் எமது கையில் இருக்கிறது. பாடசாலையை விடாமல், அந்த நேரத்தில் வீட்டுக் கல்வியின் நன்மையைப் பெற்றுக்கொள்வதே எமக்குப் பொருத்தமான வழி.

பாடசாலைக் கதவு மூடிய காலங்கள்

எமது மாவட்டத்துக்கு இது இன்னும் அவசியம். 2004 சுனாமி கிண்ணியா, மூதூர் கரையோரப் பாடசாலைகளைப் பாதித்தது. 2006இல் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளின் படிப்பும் இடையில் நின்றது. 2020, 2021இல் கொரோனா, 2022இல் எரிபொருள் நெருக்கடி, 2025 நவம்பரில் டித்வா புயலும் வெள்ளமும் எனப் பாடசாலைகள் மீண்டும் மீண்டும் மூடப்பட்டன.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நகருக்குப் படிக்கச் செல்லும் பிள்ளையும் பாதையில் ஏறியே நீரைக் கடக்க வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது.

இத்தகைய காலங்களில் வீட்டில் படிக்கும் பழக்கம் ஏற்கனவே இருந்த பிள்ளை தாக்குப்பிடித்தது. ரியூசனை மட்டுமே நம்பியிருந்த பிள்ளை பின்தங்கியது. கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் வந்த 'குரு கெதர' பாடங்களும், கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளமும் இருந்தபோதிலும், பக்கத்தில் அமர்ந்து "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்க ஒருவர் இருந்த வீட்டில்தான் அவை முழுமையாகப் பயன்பட்டன.

வியாபாரிக்கு உள்ள வசதி

அலுவலகத்தில் வேலை செய்பவர் பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளையோடு அமர முடியாது. கடைக்காரரால் முடியும். பகலுணவுக்குப் பின் சனம் குறையும் நேரம் ஒவ்வொரு கடையிலும் உண்டு. அந்த நேரத்தில் முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். வீட்டிலிருந்தே தையல் தைக்கும் தாய்க்கும், பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் தாய்க்கும் இதே வசதி உண்டு. வாப்பா வெளிநாட்டில் இருந்தால், உயர்தரம் முடித்த மூத்த பிள்ளை தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இதனால் எல்லாப் பாடத்துக்கும் ரியூசன் தேவைப்படாது. பிள்ளைக்கு உண்மையாகவே கடினமான ஓரிரு பாடங்களுக்கு மட்டும் அனுப்பினால் போதும். மாதாந்தக் கட்டணம், போக்குவரத்துச் செலவு, இரவில் பிள்ளை வீடு திரும்பும் வரை இருக்கும் கவலை எல்லாம் குறையும்.

"நான் பத்தாம் வகுப்பு வரை கூடப் படிக்கவில்லை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று தயங்க வேண்டாம். பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். படித்ததை உங்களுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். பிறருக்கு விளங்கப்படுத்த முடிந்த பாடமே பிள்ளைக்கு உண்மையில் விளங்கிய பாடம்.

கடையில் இருக்கும் பாடங்கள்

நீங்கள் நன்கு அறிந்த பாடங்களும் உண்டு. 80 ரூபாவுக்கு வாங்கிய பொருளை 100 ரூபாவுக்கு விற்றால் இலாபம் எத்தனை சதவீதம்? கொள்விலைக்கு 25, விற்ற விலைக்கு 20. பெரியவர்களே குழம்பும் இந்த வேறுபாட்டைக் கடையில் இரண்டு பொருளைக் காட்டிப் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம்.

கருவாட்டு வியாபாரி தன் மகளிடம் இப்படிக் கேட்கலாம்: கிலோ 500 ரூபா வீதம் 100 கிலோ பச்சை மீன் வாங்கினோம். காய்ந்தபின் 40 கிலோதான் தேறியது என்று வைத்துக்கொள். உப்பும் கூலியும் சேராமலே ஒரு கிலோ கருவாட்டின் அடக்கவிலை என்ன? விடை 1,250 ரூபா. 500 ரூபாவை மனதில் வைத்து 1,000 ரூபாவுக்கு விற்பவர், நல்ல இலாபம் என்று நினைத்துக்கொண்டே நட்டப்படுகிறார் என்பதும் அப்போதே பிள்ளைக்குப் புரியும்.

வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்தது. வரியோடு சேர்த்து 1,180 ரூபா என்று வரும் பில்லில் வரி எவ்வளவு? 1,180இன் 18 சதவீதம் அல்ல, 180 ரூபாதான். ஏன் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

மொழியும் அப்படியே. மூவினத்தவரும் வாழும் திருகோணமலையில், கம்பனிக் கடிதத்தை ஆங்கிலத்திலும் சந்தைப் பேச்சைச் சிங்களத்திலும் பிள்ளை கடையிலேயே பழகலாம். இப்படிப் பழகிய பிள்ளை உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவுக்குச் சென்றால் கணக்கீடு அதற்குப் புதிதாக இருக்காது.

ரமழான் விடுமுறையில்

முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் நீண்ட விடுமுறை. எமது கடைகளுக்கு, குறிப்பாகப் புடவைக் கடைகளுக்கு, அதுவே பெருநாள் வியாபாரக் காலம். பிள்ளையின் உதவி தேவைப்படும். தவறில்லை. ஆனால் விடுமுறை தொடங்குமுன்பே வகுப்பாசிரியரிடம் பேசி, படிக்க வேண்டிய பாடங்களைப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணித்தியாலம் படிப்பு, அதன் பிறகே கடை என்று ஒழுங்கு வையுங்கள்.

எல்லை எது?

இங்கே ஒரு விடயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். "வீட்டில் படிப்பிக்கிறேன்" என்பது, மகனைப் பாடசாலையிலிருந்து நிறுத்திக் கல்லாப்பெட்டியில் அமர்த்துவதற்கான சாட்டாக மாறக்கூடாது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டத்தை விடுங்கள், வியாபாரக் கண்ணோடு பாருங்கள். சாதாரண தரம் எழுதாமல் பதினான்கு வயதில் கடைக்கு வந்த பையன் ஒரு சம்பளக்காரனின் செலவை மிச்சப்படுத்தித் தருவான். ஆனால் வங்கிக் கடன் விண்ணப்பம், வரிப் படிவம், இறக்குமதிப் பத்திரம் என்று வரும்போது அவன் வாழ்நாள் முழுவதும் இன்னொருவரின் கையை எதிர்பார்த்தே நிற்பான். இன்று மிச்சமாகும் சம்பளத்தை விட நாளைய இழப்பு பன்மடங்கு.

படிக்கும் நேரம் வேறு, கடையில் உதவும் நேரம் வேறு. பாடம் நடக்கும்போது வாடிக்கையாளர் வந்தால் நீங்கள் எழுந்து செல்லுங்கள். பிள்ளையை எழுப்பாதீர்கள்.

நாம் கடைக்கு முதலீடு தேடுகிறோம், கையிருப்பு எண்ணுகிறோம், கடன் கொப்பியைத் தினமும் புரட்டுகிறோம். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியையும் அதே கவனத்தோடு தினமும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்போம். நாளை கடையைப் பொறுப்பேற்கப் போவதும், அதைவிடப் பெரிய ஒன்றை உருவாக்கப் போவதும் அந்தப் பிள்ளைதானே.