கைமுதல் காப்போம்

அன்றாடம் சரக்கு வாங்குவதற்கெனச் சிறு வணிகர் ஒதுக்கி வைக்கும் பணமே கைமுதல் எனப்படும். பெங்களூரின் அடுகோடி போன்ற பகுதிகளில் பூக்கூடையும் தள்ளுவண்டியும் வைத்துப் பிழைப்போருக்குக் கைமுதலே உயிர்நாடி. பூ விற்போர் விடியற்காலையில் கிருஷ்ணராஜ சந்தையில் பூ வாங்கி, இரவுக்குள் விற்று முடிப்பர். கிடைத்த பணத்தில் ஒரு பகுதி வீட்டுச் செலவுக்குப் போகும். மறுபகுதி மறுநாள் கொள்முதலுக்கு உதவும்.

2020 மார்ச் 25 அன்று கொரோனா நோயைத் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. வருவாய் நின்றாலும் வயிறு பசிக்காமல் இருப்பதில்லை. அரிசிக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் கைமுதல் கரைந்தது. ஊரடங்கு தளர்ந்து வாடிக்கையாளர் திரும்பியபோது, சரக்கு வாங்கப் பலரிடம் பணம் இல்லை.

இத்தகைய வேளையில் வணிகர் தண்டல்காரரை நாடுவதுண்டு. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயை முன்வட்டியாகப் பிடித்துக்கொண்டு, 9,000 ரூபாய் கொடுப்பர். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 ரூபாய் கட்டவேண்டும். மழையால் விற்பனை இல்லாத நாளிலும் தவணை தப்பாது. இலாபம் வட்டிக்கே போவதால் கைமுதல் மீண்டும் சேர்வதில்லை.

இந்நிலையை மாற்ற, 2020 சூன் 1 அன்று பிரதமர் சுவநிதித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. நகரத் தெருவோர வணிகர் அடைமானமின்றி 10,000 ரூபாய் வரை வங்கிக்கடன் பெற்று, ஓராண்டுத் தவணைகளில் செலுத்த இது வழிசெய்தது. ஒழுங்காகச் செலுத்துவோருக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. முதற்கடனை அடைத்தோர் 20,000 ரூபாயும், பின்னர் 50,000 ரூபாயும் பெறலாயினர். 2025ஆம் ஆண்டில் முதற்கடன் 15,000 ரூபாயாகவும், இரண்டாம் கடன் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. விற்பனைச் சான்றிதழோ உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ இருப்பவர் விண்ணப்பிக்கலாம்.

கடன் மட்டும் வணிகத்தைக் காப்பாற்றாது. வரவு செலவை நாள்தோறும் எழுதுதல், வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் பிரித்து வைத்தல், விற்கக்கூடிய அளவே வாங்குதல் ஆகியவை வணிகரின் கடமைகள். வாங்குவோருக்கும் பங்குண்டு. சிறு கடையில் கடன் சொல்லாமல் உடனே பணம் கொடுப்பதும் ஓர் உதவியே. அன்று மாலை கைக்கு வரும் பணமே மறுநாள் காலை வணிகரைச் சந்தைக்கு அனுப்புகிறது.