ஆற்று மீன் யாருக்குச் சொந்தம்?

ராஜஸ்தானில் ஆல்வார் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஆரவல்லி மலை அடிவாரத்தில் பாவ்ந்தா, கோலியாலா என்று இரண்டு சிற்றூர்கள். ஆடு மாடு வளர்ப்பும் கொஞ்சம் விவசாயமும்தான் மக்களின் பிழைப்பு. அர்வரி ஆறு இந்த ஊர்களின் மலையில்தான் பிறக்கிறது.

ஆறு என்றா சொன்னோம்? 1980-களில் பார்த்தவர்கள் அதை ஆறு என்று சொல்லமாட்டார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் ஓடும். பிறகு வெறும் மணல்தான். கிணறுகள் வற்றிவிட்டன. ஆண்கள் கூலி வேலை தேடி வெளியூர் போனார்கள். பெண்கள் தண்ணீர் தேடி நடந்தார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? மழை பெய்யாமல் இல்லை. மலையில் மரம் இல்லை. அதனால் விழுந்த மழை நிற்கவில்லை. மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிட்டது.

1985-இல் தருண் பாரத் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ராஜேந்திர சிங் இந்தப் பகுதிக்கு வந்தார். என்ன செய்யலாம் என்பதை அவருக்குச் சொன்னவர்கள் ஊர்ப் பெரியவர்களே. "ஜோஹட்" கட்டச் சொன்னார்கள். ஜோஹட் என்பது சரிவில் தண்ணீரை மறிக்கும் மண்கரை. பிறைநிலா போல வளைந்திருக்கும். கரைக்குள் தேங்கும் தண்ணீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கும். கீழே உள்ள கிணறுகளில் ஊறும். அதனால் ஜோஹட் வற்றினால் கவலைப்பட வேண்டாம். தண்ணீரில் கொஞ்சம் ஆவியானாலும், மற்றது பூமிக்குள்தான் இறங்கியிருக்கிறது.

ஊர் மக்களே மண் சுமந்து கரை கட்டினார்கள். ஆற்றோரத்து மற்ற ஊர்களும் சேர்ந்துகொண்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட கரைகளும் தடுப்பணைகளும் எழுந்தன. 1995 வாக்கில் அர்வரி ஆண்டு முழுவதும் ஓடியது.

கரை மட்டும் இருந்தால் போதுமா? மலை மொட்டையாக இருந்தால் மண் வந்து கரையைத் தூர்த்துவிடும். எனவே காட்டையும் காக்க வேண்டும். 1990-களில் இரண்டு ஊர்களும் கூடிப் பேசின. ஆற்றின் தலைப்பகுதியில் சுமார் 12 சதுர கிலோமீட்டர் காட்டை மக்கள் சரணாலயம் என்று அறிவித்தன. அதற்கு பைரோன் தேவரின் பெயரை வைத்தன.

அங்கே சம்பளக் காவலர் கிடையாது. மாடு மேய்ப்பவர்தான் காவலர். பச்சை மரத்தை வெட்டக் கூடாது. காய்ந்த விறகு பொறுக்கலாம். வேட்டை கூடாது. மீறினால் அபராதம். ரக்ஷா பந்தன் நாளில் இந்தப் பகுதி மக்கள் மரங்களுக்கும் ராக்கி கட்டுகிறார்கள். உடன்பிறந்தவருக்குக் கட்டும் அதே கயிறுதான்!

ஆற்றில் தண்ணீர் வந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும் வழக்கும் வந்தது. மீன் பிடிக்கும் உரிமையை அரசு ஒரு குத்தகைதாரருக்குக் கொடுத்தது. இங்கே மீன் சாப்பிடுபவர்கள் குறைவு. அப்படியும் மக்கள் எதிர்த்தார்கள். ஆறு செத்துக் கிடந்தபோது வராதவர்கள் இப்போது ஏன் வருகிறார்கள் என்று கேட்டார்கள். இன்று மீன் போனால் நாளைக்குத் தண்ணீரும் போகும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். கடைசியில் குத்தகை ரத்தானது.

இனி ஊர்களுக்குள்ளேயே தகராறு வந்தால்? 1999-இல் சுமார் 70 ஊர்கள் சேர்ந்து அர்வரி நதி நாடாளுமன்றம் அமைத்தன. கரும்பு, நெல் போன்ற தண்ணீர் அதிகம் கேட்கும் பயிர்கள் வேண்டாம் என்று முடிவு செய்தன. இந்த நாடாளுமன்றத்துக்குச் சட்ட அதிகாரம் ஒன்றும் இல்லை. ஊர் கூடிக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டுமே, அதுதான் அதன் பலம்.

2000-இல் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் இந்தப் பகுதிக்கே வந்து, பாவ்ந்தா, கோலியாலா மக்களுக்கு விருது கொடுத்தார். ஆனால் விருது வேறு, உரிமை வேறு.

காட்டைக் காத்து வந்த ஊருக்கு அதை நிர்வகிக்கவும் உரிமை உண்டு என்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்கிறது. இது இந்தியா முழுவதும் உள்ள காட்டோர ஊர்களுக்கு உதவும். மனுவைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும். பழங்குடியினர் அல்லாதவர்கள் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, அங்கே காட்டை நம்பி வாழ்வதைக் காட்ட வேண்டும். பழைய பத்திரம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். மனு கொடுக்காத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தால், அதுவும் சாட்சிகளில் ஒன்றாகும்.