விண்வெளியின் பொதுக் குறிப்பேடும் கரடியனாற்றின் வாய்க்கால் கணக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்திருக்கின்றது கரடியனாறு. உறுகாமம், உன்னிச்சை முதலான குளங்களின் நீரை நம்பி நெல் விளைவிக்கும் படுவான்கரைப் பிரதேசத்தின் ஒரு பகுதி அது. குளத்து நீரை நம்பி வாழும் இத்தகைய பிரதேசங்களில் போகத்துக்குப் போகம் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. மதகு எப்போது திறக்கப்பட்டது, யார் திறந்தார், எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதே அக்கேள்வி. வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவர் ஒன்றைக் கூறுவார். கடைப்பகுதியில் வயல் வைத்திருப்பவர் வேறொன்றைக் கூறுவார். எழுதிவைக்கப்பட்ட கணக்கு ஒன்று இருந்து, அதனை இருவரும் பார்க்கவும் முடியுமாயின் வாதம் அத்துடன் முடிந்துவிடும். இல்லையேல் தண்ணீர்ப் பிணக்கு மனிதர்களுக்கிடையிலான பிணக்காக மாறிவிடுகின்றது.

பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் இயங்கும் விண்கலம் ஒன்றைப் பராமரிப்பவர்களையும் இதே கேள்விதான் வாட்டுகின்றது. எந்தக் கட்டளை அனுப்பப்பட்டது? யார் அனுப்பினார்? எந்த நேரத்தில், எக்காரணத்திற்காக அனுப்பினார்? இக்கேள்விகளுக்கு விடை கூறுவதற்காகவே விண்வெளிப் பயணங்களில் பொதுக் குறிப்பேடுகள் பேணப்படுகின்றன. முன்னர் தாளில் எழுதப்பட்ட இக்குறிப்பேடுகள் இன்று இலத்திரனியல் வடிவம் பெற்றுள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதையும், அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதையும் இங்கு நோக்குவோம்.

விண்கலம் ஒன்று இரவு பகல் பாராது இயங்குவது. அதனைக் கண்காணிக்கும் நிலையத்தில் ஒரு குழுவினர் கடமை முடித்துச் செல்லும்போது மற்றொரு குழுவினர் பொறுப்பேற்கின்றனர். 2004ஆம் ஆண்டு ஸ்பிரிட், ஒப்பச்சுனிற்றி ஆகிய ஊர்திகள் செவ்வாயில் இறங்கியபோது, அவற்றை இயக்கியவர்கள் செவ்வாயின் நாட்கணக்கின்படி வேலை செய்தனர். செவ்வாயின் ஒரு நாள் நமது நாளைவிடச் சுமார் 40 நிமிடங்கள் நீண்டது. ஆதலால் அவர்களது கடமை நேரமும் நாளுக்கு நாள் 40 நிமிடங்கள் பின்தள்ளிப் போனது. இவ்வாறான சூழலில் ஒரு குழுவினர் செய்ததை மறு குழுவினர் அறிவதற்கு வாய்மொழி மட்டும் போதாது.

பொதுக் குறிப்பேட்டில் இடம்பெறும் ஒவ்வொரு பதிவிலும் நேரம், எழுதியவரின் பெயர், விண்கலத்தின் எப்பகுதி பற்றியது என்ற வகைப்பாடு, நடந்த விடயம் ஆகியன இருக்கும். நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்திலேயே குறிக்கப்படும். பெங்களூரில் இருப்பவரும் ஐரோப்பாவில் இருப்பவரும் ஒரே நேரக் கணக்கில் பேசுவதற்கான ஏற்பாடு அது. வரைபடங்களையும் படங்களையும் பதிவுடன் இணைக்கலாம். ஒரு பதிவுக்கு மறுமொழியாக வேறொருவர் எழுதலாம். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு கோளாற்றை ஒரு சொல்லைக் கொண்டு தேடியெடுக்கலாம்.

இவை அனைத்திலும் முக்கியமான விதி ஒன்றுண்டு. எழுதியதை அழித்தல் ஆகாது. தவறாக எழுதியிருப்பின், பிழை இது, திருத்தம் இது என்று புதிய பதிவொன்றை இட வேண்டும். பழைய பதிவும் அவ்வாறே இருக்கும். தாள் குறிப்பேட்டுக் காலத்தில் பக்க இலக்கமிட்டுக் கட்டப்பட்ட புத்தகத்தைப் பயன்படுத்தியதும், பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டிக் கையொப்பமிட்டதும் இதே நோக்கத்திற்காகவே. தவறு நடந்தது என்ற உண்மையும் பிற்காலத்தவருக்குத் தேவையான தகவலே என்பதனை அறிவியலாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இவ்வொழுங்கு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு சோஹோ விண்கலத்தின் வரலாறு தக்க சான்றாகும். சூரியனை ஆராய்வதற்காக ஐரோப்பிய விண்வெளி முகவரகமும் அமெரிக்காவின் நாசாவும் இணைந்து 1995 டிசம்பர் 2ஆம் திகதி அதனை ஏவின. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள எல்-1 என்னும் புள்ளியைச் சுற்றி அது நிறுத்தப்பட்டது. 1998 ஜூன் 25ஆம் திகதி அதனுடனான தொடர்பு முற்றாக அறுந்தது.

விண்கலத்தில் பழுது எதுவும் இருக்கவில்லை என்று இரு நிறுவனங்களும் அமைத்த விசாரணைக் குழு கண்டறிந்தது. விண்கலத்தின் சுழற்சியை உணர்வதற்கு ஜைரோஸ்கோப் எனப்படும் கருவிகள் மூன்று அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று, அதன் ஆயுளை நீடிக்கும் பொருட்டு வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவசர நிலையில் அதனை மீண்டும் இயக்குவதற்கான கட்டளை, திருத்தியமைக்கப்பட்ட கட்டளைத் தொடரில் விடுபட்டுப் போயிருந்தது. இரண்டாவது கருவியோ உண்மையான சுழற்சியைவிட 20 மடங்கு கூடுதலாகக் காட்டும் நிலையில் தவறுதலாக விடப்பட்டிருந்தது. இதனால் விண்கலம் அவசர நிலைக்குச் சென்றது. அந்த நிலைமாற்றம் பின்னர் சரிசெய்யப்பட்டபோதிலும், இரு கருவிகளும் வெவ்வேறு அளவுகளைக் காட்டுவதைக் கண்ட கட்டுப்பாட்டாளர்கள், ஒழுங்காக இயங்கிய கருவியைப் பழுதெனக் கருதி நிறுத்திவிட்டனர். நின்றிருந்த கருவியை நம்பினர். சுமார் ஐந்து மணித்தியாலங்கள் நீடித்த அந்நெருக்கடியின் எத்தருணத்திலாவது, முதலாவது கருவி சுழல்கின்றதா என்று எவரேனும் சரிபார்த்திருந்தால் விபத்து தவிர்க்கப்பட்டிருக்கும்.

கட்டளைத் தொடரில் செய்யப்பட்ட மாற்றம் முறையாக ஆவணப்படுத்தப்படவில்லை, உரியவாறு மீளாய்வு செய்யப்படவில்லை, அறிய வேண்டிய அனைவருக்கும் எட்டவில்லை என்பதே விசாரணையில் வெளிப்பட்ட பாடம். அறிவு ஒருவரிடம் இருந்தது. முடிவெடுக்க வேண்டிய வேளையில் அது மற்றவரிடம் இருக்கவில்லை.

சோஹோவின் கதை சோகத்தில் முடியவில்லை என்பது ஆறுதலளிக்கும் செய்தி. 1998 ஜூலை 23ஆம் திகதி புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்த அரெசிபோ ராடரின் உதவியுடன் அது இருக்குமிடம் கண்டறியப்பட்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி அதன் சமிக்ஞை மீண்டும் கேட்டது. உறைந்திருந்த எரிபொருளைப் பொறியியலாளர்கள் சிறிது சிறிதாக உருக்கி, செப்டெம்பர் மாதத்தில் அதனை மீண்டும் சூரியனை நோக்கித் திருப்பினர். இழந்ததாகக் கருதப்பட்ட அந்த விண்கலத்தின் படங்களிலிருந்து 2024 மார்ச் மாதத்தில் 5,000ஆவது வால்வெள்ளி கண்டறியப்பட்டது.

அதே எல்-1 புள்ளிக்கே இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலமும் அனுப்பப்பட்டது. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஏவப்பட்ட அது, 2024 ஜனவரி 6ஆம் திகதி தனது சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் திட்டப் பணிப்பாளராகப் பணியாற்றியவர் தமிழ்நாட்டின் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்பது தமிழ் பேசும் அனைவருக்கும் மகிழ்ச்சி தரும் விடயம். அவ்விண்கலத்திலுள்ள 7 கருவிகளுள் ஒன்றைப் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனமும் மற்றொன்றைப் புனேயிலுள்ள பல்கலைக்கழக மையமும் முன்னின்று உருவாக்கின. ஐரோப்பிய நிலையங்களும் தொடர்பாடலுக்கு உதவுகின்றன. இத்தனை கைகள் சேர்ந்து இயக்கும் ஒன்றுக்கு, எல்லோருக்கும் பொதுவான பதிவு எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கட்டளைகளைப் பதிவதுடன் இக்குறிப்பேட்டின் பணி முடிவதில்லை. ஆய்வுக் குறிப்புகளும் அதனுடன் இணைய வேண்டும். 2008 ஒக்டோபர் 22ஆம் திகதி ஏவப்பட்ட சந்திரயான்-1, சந்திரனிலிருந்து 100 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியது. 2009 மே மாதத்தில் அவ்வுயரம் 200 கிலோமீற்றராக அதிகரிக்கப்பட்டது. எனவே மே மாதத்திற்கு முன்னர் எடுத்த படமும் பின்னர் எடுத்த படமும் ஒரே அளவு நுணுக்கம் உடையன அல்ல. இந்த மாற்றத்தை அறியாத ஆய்வாளர், விண்கலத்தின் இடமாற்றத்தைச் சந்திரனின் இயல்பு என்று தவறாகக் கருதக்கூடும். 2009 ஓகஸ்ட் 29ஆம் திகதி சந்திரயான்-1 மௌனமாகிவிட்டது. ஆயினும் அதிலிருந்த நாசாவின் கருவி திரட்டிய தரவுகளை மீளாய்வு செய்து, சந்திரனின் துருவப் பகுதிகளில் மேற்பரப்பிலேயே பனிக்கட்டி இருப்பதற்கான சான்றை ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். கலம் ஓய்ந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதன் பதிவுகள் பேசின.

இதனைவிட நீண்டகாலச் சான்றும் உண்டு. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர்-1, 2023 நவம்பரில் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியது. அதனை வடிவமைத்தவர்களிற் பலர் பணியிலிருந்து சென்றுவிட்டிருந்தனர். பொறியியலாளர்கள் பல தசாப்தங்களுக்கு முந்திய ஆவணங்களைத் தேடிப் படித்து, பழுதடைந்த நினைவகப் பகுதியைக் கண்டறிந்தனர். அதிலிருந்த நிரலை வேறிடங்களுக்கு மாற்றினர். 2024 ஏப்ரலில் விண்கலம் மீண்டும் பொருளுடன் பேசியது. அன்று எழுதியவர்கள் தமக்காக மட்டும் எழுதியிருப்பின் இது கைகூடியிராது.

எனினும் இலத்திரனியல் குறிப்பேடு இருந்துவிட்டால் மட்டும் போதும் என்று நாம் கருதவில்லை. 1999 செப்டெம்பர் 23ஆம் திகதி செவ்வாயை அடைந்தவுடன் நாசாவின் விண்கலமொன்று அழிந்தது. ஒரு தரப்பினர் ஆங்கில அலகுகளிலும் மறு தரப்பினர் மெற்றிக் அலகுகளிலும் கணித்தமையே காரணம். பாதை பிசகுவதாகச் சிலர் முன்னரே ஐயுற்றிருந்தனர். ஆனால் கோளாறுகளைப் பதிவதற்கென இருந்த முறையான வழியில் அந்த ஐயம் பதியப்படவில்லை. ஏடு இருந்தும் எழுதாவிடில் பயனில்லை. எழுதியும் பிறர் வாசிக்காவிடில் அதனாலும் பயனில்லை.

எழுதிவைத்தல் நமக்குப் புதிய பண்பன்று. சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரை மீண்டும் தெரிவு செய்யலாகாது என விதித்தன. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் வலியுறுத்துகின்றது. இரு சமூகங்களும் எழுத்தை நம்பிக்கையின் காவலாகவே மதித்து வந்துள்ளன.

எனவே கரடியனாறு போன்ற இடங்களுக்கு நாம் முன்வைக்கும் ஆலோசனை எளிமையானது. குளத்தின் நீர்மட்டம், மதகு திறந்த நேரம், மூடிய நேரம், முறை மாற்றப்பட்டிருப்பின் அதற்கான காரணம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே ஏட்டில் பதிய வேண்டும். பதிந்தவர் பெயரிட வேண்டும். பிழையைத் திருத்தலாம், அழிக்கலாகாது. நீர்ப்பாசன அலுவலரும் வட்டவிதானையும் கமக்கார அமைப்பினரும், தமிழராயினும் முஸ்லிமாயினும் கடைமடை விவசாயியும் அதனைத் தத்தமது கைத்தொலைபேசியிலேயே பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சுவிற்சர்லாந்தின் போல் ஷெரர் நிறுவனத்தில் உருவான ஈலொக் போன்ற குறிப்பேட்டு மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கைத்தொலைபேசி இல்லாதவருக்காக அதே பதிவை வாரந்தோறும் அச்சிட்டுப் பொதுவிடத்தில் ஒட்டலாம்.

தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில், தமக்குத் தெரியாமல் மதகு திறக்கப்பட்டது என்ற ஒரு சந்தேகமே அயலவர்களைப் பிரித்துவிடப் போதுமானது. அச்சந்தேகத்திற்கு இடமளிக்காத ஒரு பொது ஏட்டை அடுத்த போகத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே ஆரம்பித்து வைப்பது, சம்பந்தப்பட்ட அனைவரதும் கடமையாகும்.