கிரியேட்டினின் சரியாக இருந்தால் சிறுநீரகம் நலமா? சிறுநீர்ப் பரிசோதனை சொல்வது என்ன?

மும்பை: ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இயல்பாக இருப்பதால் மட்டுமே சிறுநீரகங்கள் நலமாக உள்ளன என்று கருதிவிட முடியாது. அந்த அளவு உயரத் தொடங்கும்போது சிறுநீரகச் செயல்திறனில் ஏறத்தாழ பாதி இழக்கப்பட்டிருக்கலாம். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளோருக்கு ஏற்படும் பாதிப்பின் முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரில்தான் தென்படுகிறது.

சிறுநீரகத்தின் பணி

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் ரத்தத்தில் சேர்கிறது. ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. வடிகட்டிகள் பழுதடைந்தால், உடலில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். தொடக்கத்தில் வலியோ வீக்கமோ இருப்பதில்லை.

அறிக்கையில் கவனிக்க வேண்டியவை

புரதம்: இயல்பாக 'இல்லை' என்றே இருக்க வேண்டும். காய்ச்சல், கடும் உடலுழைப்பு ஆகியவற்றுக்குப் பின் தற்காலிகமாகத் தென்படலாம் என்பதால், மீண்டும் பரிசோதித்து உறுதி செய்வது அவசியம்.

ரத்த அணுக்கள்: கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவு கல், தொற்று, வடிகட்டிகளின் அழற்சி ஆகியவற்றால் ஏற்படலாம். சில வேளைகளில் புற்றுநோயும் காரணமாகலாம்.

சீழ் அணுக்கள், நைட்ரைட்: இவை மிகுந்திருந்தால் தொற்று இருக்கக்கூடும். பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருக்கும் தாராவிப் பெண்கள், கழிப்பறைக்குச் செல்வதைத் தவிர்ப்பதற்காகக் குறைவாகத் தண்ணீர் குடிப்பதும் சிறுநீரை அடக்குவதும் இத்தகைய தொற்றுக்கு வழிவகுக்கும்.

சர்க்கரை: பொதுவாக இது நீரிழிவின் அடையாளம். எனினும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கு, ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை காணப்படும்.

அடர்த்தி: உடலில் நீர் குறைந்தால் இது உயரும். கும்பார்வாடா சூளைகளிலும் காற்றோட்டமில்லாத பட்டறைகளிலும் வெப்பத்தில் உழைப்போர் இதில் கவனம் செலுத்த வேண்டும்.

ஒரே எண், இருவேறு பொருள்

கிரியேட்டினின் தசைகளிலிருந்து உருவாகும் கழிவு. எனவே அதன் அளவை வயது, பாலினம் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இவ்வாறு பெறப்படும் மதிப்பே இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும் வடிகட்டும் வேகம். எடுத்துக்காட்டாக, கிரியேட்டினின் 1.1 மி.கி. என்றால் 25 வயது ஆணுக்கு இம்மதிப்பு சுமார் 95; 65 வயதுப் பெண்ணுக்கோ சுமார் 56. இம்மதிப்பு 60-க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்; 15-க்குக் கீழ் சென்றால் சிறுநீரகச் செயலிழப்பு.

தொடக்க நிலைக் கசிவு சாதாரணப் பரிசோதனைப் பட்டையில் தெரியாமல் போகலாம். அதனை அல்புமின்-கிரியேட்டினின் விகிதப் பரிசோதனை காட்டிவிடும். இந்த விகிதம் 30-க்குள் இருப்பது இயல்பு. 300-ஐத் தாண்டினால் பாதிப்பு கடுமையானது. நீரிழிவு நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பரிசோதனையையும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கீட்டையும் செய்துகொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், மருந்துகளின் மூலம் நோயின் வேகத்தைக் குறைத்து டயாலிசிஸ் தேவைப்படும் நிலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும்.

மாதிரி எடுக்கும் முறை

முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைத் தூய்மையான கலனில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் ஒப்படைப்பது நல்லது. மாதவிடாய் நாள்களில் தவிர்க்கலாம்.

எங்கு பரிசோதிக்கலாம்?

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதத்தைக் கண்டறிய வழி செய்தது. மும்பையில் தாராவி, மாட்டுங்கா மக்கள் சயானில் உள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையையும், தாராவியில் 'சோட்டா சயான்' என அறியப்படும் அதன் நகர்ப்புறச் சுகாதார மையத்தையும் அணுகலாம். செம்பூர் மக்களுக்கு அருகில் கோவண்டி சதாப்தி மருத்துவமனை உள்ளது.

மருத்துவரின் ஆலோசனையின்றி டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளைத் தொடர்ந்து உட்கொள்வது சிறுநீரகங்களைப் பாதிக்கும். பழைய அறிக்கைகளைப் பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஒரு தனி எண்ணைக் காட்டிலும், ஆண்டுதோறும் அது எவ்வாறு மாறி வருகிறது என்பதே சிறுநீரகத்தின் நிலையைத் தெளிவாக உணர்த்தும்.